வாசகர் கேள்வி – பதில்: குமனோ நடையும் வெந்நீர்க் குளியலும்

கேள்வி: நானும் கணவரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறோம். ஜப்பானில், ஒசாக்காவில் படிக்கும் மகள், குமனோ கொடோ என்ற பழைய யாத்திரைப் பாதை 38 கிலோமீற்றர்தான் என்கிறாள். இரண்டு நாளில் முடித்துவிடலாம்தானே? – வாசகி, பரந்தன்

பதில்: கதிர்காமத்துக்கு நடந்த காலுக்கு 38 கி.மீ. பெரிதில்லை. ஆனால் அந்த நடையில் ஆளைச் சாய்ப்பது வெயிலும் மணலும். குமனோவில் ஏற்றமும் இறக்கமும். மகள் சொல்வது நாக்கஹெச்சி வழி: தக்கிஜிரியில் இருந்து ஹொங்கு பெருங்கோயில் வரை. தக்கிஜிரியில் இருந்து தக்கஹாரா வெறும் 4 கி.மீ., ஆனால் தொடக்கமே செங்குத்து என்பதால் இரண்டு, மூன்று மணித்தியாலம் போய்விடும். முதல் நாளுக்கு அது போதும். காலையில் ஒசாக்காவில் குரோஷியோ ரயில் ஏறி, கீ-தனபேயில் இறங்கி, பஸ்ஸில் தக்கிஜிரி போய், மத்தியானம் நடக்கத் தொடங்கலாம். இரண்டாம் நாள் சிக்கட்சுயு வரை 10 கி.மீ. மூன்றாம் நாள்தான் சோதனை: ஹொங்குவுக்கு ஏறக்குறைய 25 கி.மீ. அதில் பெரும்பகுதியை பஸ்ஸில் கடந்து, ஹொஷின்மொன்னில் இறங்கி, கடைசி 7 கி.மீ.யை மட்டும் நடப்பவர்கள் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழி தவறாது. 500 மீற்றருக்கு ஒரு இலக்கக் கம்பம் இருக்கிறது. அடுத்த இலக்கம் வர வேண்டிய இடத்தில் வரவில்லையென்றால் திரும்பி நடவுங்கள்.

ஒன்றை மட்டும் கதிர்காமப் பழக்கத்தில் செய்யாதீர்கள். அங்கே இருட்டினால் ஒரு கோயில் மண்டபம், யாரோ கொண்டுவந்த சோறு. இங்கே ஊருக்கு ஒரு சில விடுதிகள்தான், இடமும் முன்பதிவு செய்தவருக்குத்தான். இரவுச் சாப்பாடு ஆறு மணியளவில், அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே போய்ச் சேர வேண்டும். ஆகவே முதலில் படுக்கை, பிறகு விமானச் சீட்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், அதற்கும் நாள்வாரியான பயணத்திட்டம் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே தாள் உதவும். பெரிய பையை விடுதிக்கு விடுதி காசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். மலையூர்களில் அட்டை செல்லாத இடங்கள் பல, கையில் யென் காசு இருக்கட்டும்.

கேள்வி: அங்குள்ள வெந்நீர் ஊற்றும் கன்னியா மாதிரியா? உடுப்போடு இறங்கலாமா? – வாசகர், முள்ளியவளை

பதில்: கன்னியாவில் கிணற்றில் வாளி விட்டு அள்ளி, உடுப்போடு தலையில் ஊற்றுகிறோம். இங்கே முறை நேர்மாறு. தொட்டிக்குள் இறங்கும்போது உடம்பில் நூல்கூட இருக்கக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறைகள். அழுக்குப் போக்குவது தொட்டிக்கு வெளியே: சிறு முக்காலியில் இருந்து, சவர்க்காரம் போட்டு, நுரை ஒன்றும் மிஞ்சாமல் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தண்ணீர் எல்லோருக்கும் பொது, அதனால்தான் இந்தக் கண்டிப்பு. நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்டுங்கள். சின்னத் துவாயை நீரில் நனைக்காமல் தலையில் மடித்து வைப்பார்கள். பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் விடமாட்டார்கள், முன்பே கேளுங்கள்.

கூச்சப்படுபவர்களுக்கு வழி இருக்கிறது. ஹொங்குவுக்குப் பக்கத்தில் யுனொமினே என்ற ஊரில், ஓடைக்கரையில் மரக்குடில் ஒன்றுக்குள் சுபோயு என்ற பழைய தொட்டி உண்டு. இரண்டு பேருக்குத்தான் இடம். வரிசை எண் வாங்கிக் காத்திருந்தால் அரை மணித்தியாலம் உங்களுக்கே. கோயிலுக்குப் போகுமுன் யாத்திரிகர்கள் உடலைத் தூய்மைப்படுத்திக்கொண்ட ஊர் அது. பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ 2004இல் உலக மரபுரிமையாக ஏற்ற தொட்டி. சூடு தாங்காவிட்டால் குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடலாம். கவாயு என்ற அடுத்த ஊரில் ஆற்றுப் பரலைக் கையால் தோண்டினாலே சுடுநீர் ஊறும். அங்கே நீச்சலுடையோடு இருக்கலாம்.

விடுதியில் தரும் யுகாத்தா அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்துங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்கலாமா? – வாசகி, வவுனியா

பதில்: சிரமம்தான். மீன்துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். குழம்புச் சாற்றிலேயே இருந்தால்? ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்ற சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் காய்ச்சுவது. நம் மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிசோ சூப், அவித்த மரக்கறி, நூடில்ஸ் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். “மரக்கறி மட்டும்” என்றால் போதாது. “மீன்சாறும் வேண்டாம்” என்று முன்பதிவின்போதே எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் வெறுஞ்சோறும் ஊறுகாயும்தான். வல்லாரைப்பொடி, பருப்புப்பொடி ஒரு போத்தல் கொண்டுபோவது புத்தி.

கேள்வி: வன்னி தட்டை நிலம். மலைக்கு எப்படிக் கால் பழக்குவது? – வாசகர், நெடுங்கேணி

பதில்: குளக்கட்டில் நீளவாக்கில் நடப்பது மூச்சுக்கு நல்லது, இறக்கத்துக்கு உதவாது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். பழகாத தசை அன்றைக்கு நோகாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நோகும். கட்டின் சரிவிலேயே ஏறி இறங்குங்கள், அல்லது இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் படி இறங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முதுகில் ஐந்து கிலோ. சப்பாத்து விரல்முன் ஒரு பெருவிரல் அகலம் விட்டிருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இந்த இரண்டும் தவறினால்தான் இறக்கத்தில் நகம் கறுக்கும். பாசி பிடித்த கல்லில் குதிக்காலை முதலில் ஊன்றினால் வழுக்கும். பாதம் முழுவதையும் வைத்து, காலடியைக் குறுக்கி வையுங்கள். நனைந்த மரவேரை மிதிக்கவே கூடாது. வெறுங்கால் விரதத்தைக் கதிர்காமத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குமனோவின் இன்னொரு பகுதியான, கொகுச்சியில் இருந்து நாச்சி வரையான 14.5 கி.மீ.யை இந்தப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். தொடக்க 5 கி.மீ.க்குள் 800 மீற்றர் அளவில் ஏற வேண்டும்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். வெந்நீரில் இறங்கலாமா? – வாசகர், மல்லாவி

பதில்: வைத்தியரைக் கேட்டபிறகு. 41, 42 பாகை நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழும்பினால் தலைசுற்றி விழுவீர்கள். முதலில் காலில் ஊற்றி, மெல்ல இறங்கி, ஐந்து நிமிடத்தில் வெளியே வாருங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சூட்டைக் கையால் பாருங்கள், காலை நம்ப வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம்? – வாசகி, மாங்குளம்

பதில்: ஏப்ரல், மே, ஒக்டோபர் பின்பகுதி, நவம்பர். ஜூனில் மழை, ஓகஸ்ட், செப்டெம்பரில் சூறாவளி; 2011 செப்டெம்பரில் மண்சரிந்து பாதைகள் சிதைந்தன. ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் ஜப்பானியருக்கு விடுமுறை, இடம் கிடையாது. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு, தேவதாரு நிழலில் அதற்கும் முன்பு. தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஊற்று நீரில் முட்டை அவிக்கிறார்களாமே? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உண்மை. யுனொமினேயின் பொது அவிதொட்டியில் நீர் 90 பாகை அளவில். பக்கத்துக் கடையில் முட்டையை வலைப்பையோடு வாங்கி, கயிற்றைக் கொளுவியில் மாட்டித் தொங்கவிடுங்கள். பன்னிரண்டு நிமிடம் போதும், வற்றாளைக்கிழங்கென்றால் இன்னும் கூட. உப்பு கொண்டுபோங்கள்.