ஏற்காட்டு மூடுபனியும் செயற்கைக்கோளும்

அன்புள்ள ஐயா,

மழைக்காலத்தில் ஏற்காட்டில் பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரிவதில்லை. மைக்ரோவேவ் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவி ஈரத்தை அளக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மேகமே ஈரம்தானே, அப்புறம் எதை அளக்கிறது? ஏற்காட்டு ஈரத்தை அதில் பார்க்க முடியுமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

மூடுபனியில் நீங்கள் பார்ப்பது நுண்ணிய நீர்த்துளிகளை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. புழுக்கமான நாளில் சேலத்துக் காற்றில் இருக்கும் ஆவி, குளிர்ந்த ஏற்காட்டு மூடுபனிக்குள் இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். சூடான காற்று கூடுதல் ஆவியைத் தாங்கும்.

செயற்கைக்கோள் அளப்பது இந்த ஆவியைத்தான். நீர் மூலக்கூறு 183.31 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கதிர்வீச்சை வலுவாக விழுங்கும், உமிழவும் செய்யும். கருவி எதையும் அனுப்புவதில்லை, வருவதை வாங்கி அது எவ்வளவு சூடான இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிறது. எனக்குப் பிடித்த சங்கதி இங்கேதான். காற்றில் ஆவி கூடினால் கீழிருந்து கிளம்பும் கதிர் வழியிலேயே விழுங்கப்பட்டுவிடும். உயரத்துக் குளிர்ந்த அடுக்கின் கதிர் மட்டுமே கருவியை எட்டும். ஆக, ஈரம் கூடக்கூட அளவு குளிர்ச்சியாகக் காட்டும்! 183.31-ஐ விட்டு விலகிய அலைவரிசைகளில் பார்த்தால் இன்னும் கீழே உள்ள அடுக்குகள் தெரியும். இந்தியாவும் பிரான்சும் 2011-இல் ஏவிய மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோளில் இருந்த சஃபிர் கருவி இப்படி ஆறு அலைவரிசைகளில் பார்த்தது.

மெல்லிய மேகம் இதைப் பெரிதாகத் தடுக்காது. பனிக்கட்டித் துகள் நிறைந்த இடிமேகம் கதிரைச் சிதறடித்துவிடும். அந்த அளவை ஒதுக்க வேண்டியதுதான்.

1979-இல் ஏவிய இந்தியச் செயற்கைக்கோள் பாஸ்கராவே 19, 22 கிகாஹெர்ட்ஸில் கடல் மேலிருந்த ஆவியை அளந்தது. கடல் மங்கலாகத்தான் உமிழும், அதனால் ஆவி தனித்துத் தெரியும். நிலம் அப்படியில்லை. அதன் மேல் 22-இல் ஆவியைத் தேடுவது, நம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது மாதிரி.

சரி, ஏற்காடு? சஃபிர் ஒரு புள்ளியாகப் பார்க்கும் இடம், நேர் கீழே பார்க்கும்போதே சுமார் 10 கிலோமீட்டர் அகலம். சேலத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்தான். உயரமோ 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. உச்சியும் சரிவும் அடிவாரமும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். வங்கக்கடலில் ஈரம் எங்கே திரள்கிறது என்று பார்க்க இந்த அகலம் போதும், காபித் தோட்டத்துக்குப் போதாது. அதற்கு இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொள்ளலாம். துணி மட்டும் காயக் கூடாது.