மகள் கணினியில் வளர்க்கும் காடு

மேற்படிப்பு ஆலோசனை கேட்டு பட்டர்வொர்த்திலிருந்து மகளோடு என்னிடம் வந்த அம்மா உட்கார்ந்ததுமே கொட்டித் தீர்த்துவிட்டார். "ராத்திரி பூரா லேப்டாப்பில் செடி வளர்க்கிறாள் சார். தாய்மாமன் மெடிசின்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்."

கவலைப்படாதீர்கள்மா என்றுதான் ஆரம்பித்தேன். தனியார் கல்லூரிக்காக வீட்டை அடமானம் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். வைக்காதீர்கள். பல லட்சம் வெள்ளி கொட்டிப் படித்தாலும், 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைகளில் புது டாக்டர்கள் நிரந்தர வேலையில் அல்ல, ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். அதோடு, இவளுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது என்று அம்மாவே ஒத்துக்கொண்டார். அப்புறம் என்ன பேச்சு?

மகளை லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். நெட்லோகோ, கணினியில் மாதிரி உலகம் செய்து ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள். கட்டம் போட்ட நிலம், கட்டத்துக்கு ஒரு செடி. உயரமான செடி பக்கத்துச் செடிக்கு வெயிலை மறைக்கும். ஆனால் தண்டுக்குப் போன சத்து விதைக்குக் குறையும். கன்று தாயைப் போலவே இருக்கும், உயரம் மட்டும் துளி கூடும், குறையும். நூற்றுக்கணக்கான தலைமுறை ஓடவிட்டால், நெருக்கமான நிலத்தில் செடிகள் தாமாகவே நெட்டையாகிக்கொண்டு போகின்றன. எல்லாமே குட்டையாக இருந்திருந்தால் அதே வெயில் கிடைத்திருக்கும், விதையும் கூடியிருக்கும். நம் சொந்தக்காரர்கள் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் இப்படித்தான் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"விளையாட்டுதானே சார்?" என்றார் அம்மா.

இல்லைமா என்றேன். நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது. அங்கே 50 ஹெக்டரில், மார்பளவில் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி, 1980களிலிருந்து சில ஆண்டுக்கொருமுறை அளக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். எது எதை மிஞ்சும், வெட்டிய காடு எப்படித் திரும்பும் என்று பார்க்க இவள் செய்வது போன்ற மாதிரிகள்தான் வேண்டும். செடியும் நிரலும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு.

வழி மலிவானது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுத் தேர்வான எஸ்டிபிஎம்மில் உயிரியலோடு மேத்ஸ் டி என்ற கணிதப் பாடத்தையும் எடுக்கட்டும், கணக்கு கஷ்டம் என்று விடக் கூடாது. பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் யூஎஸ்எம் என்ற அரசுப் பல்கலைக்கழகம், அங்கே உயிரியல் பட்டம். புள்ளியியலும், தரவை அலச உதவும் ஆர் என்ற நிரல் மொழியும் கூடவே பழகட்டும். முதல் பட்டத்தோடு காட்டு வேலை கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன், மாஸ்டர்ஸ் வரை போக வேண்டிவரும். அது வாய்க்காவிட்டாலும், தரவை அலசத் தெரிந்தவளுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை தேடலாம்.

"அண்ணனிடம் என்ன சொல்வது?" என்று எழுந்துகொண்டே கேட்டார்.

அடமானக் கடனுக்கு அவரையே ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றேன்.