வாசகர் கேள்விகள்: மருத்துவ மானுடவியல் மேற்படிப்பு

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுக் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மானுடவியல் பட்டம் இல்லாமல் வெளிநாட்டில் மருத்துவ மானுடவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க முடியுமா?
- செவிலியர், தேனி

பதில்: தாராளமாக. நோயையும் சிகிச்சையையும் மக்கள் எப்படிப் புரிந்துகொண்டு வாழ்கிறார்கள் என்று ஆராயும் இந்தத் துறைக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் வருவது வழக்கம்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், எடின்பரோ, டர்ஹாம் ஆகிய இடங்களில் இதற்கென்றே ஓராண்டு முதுகலை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் மருத்துவச் சமூகவியலோடு சேர்த்துப் படிக்கலாம்.

விண்ணப்பத்துக்கான வேலைகளில் இரண்டை முன்கூட்டியே தொடங்குங்கள். முதலாவது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. மொத்த மதிப்பெண் 6.5 முதல் 7.5 வரை கேட்பார்கள்; ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சமும் உண்டு. மொத்தம் சரியாக வந்தும் எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்து மறுபடி தேர்வு எழுதுபவர்கள் ஏராளம். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டாவது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது நீங்கள் படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வச் சான்று. கல்லூரி, கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று இரண்டு வாசல் ஏற வேண்டியிருக்கலாம். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையை (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) "சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்குச் சேவை செய்ய விரும்பினேன்" என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?
- மருத்துவர், திருநெல்வேலி

பதில்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆசை உண்மையானதுதான். ஆனால் தேர்வுக்குழு தேடுவது சேவை மனத்தை அல்ல, ஆய்வுக் கேள்வியை. மருத்துவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. அறிக்கை முழுக்க "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஏற்படுத்த வேண்டும்" என்றே போகும். அதைப் படிப்பவர், இவர் பொதுச் சுகாதாரம் படிக்க வேண்டியவர் என்று ஒதுக்கிவிடுவார்.

ஓர் உதாரணம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதத்தில் இருமல் நிற்கிறது, எடை ஏறுகிறது, நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். எத்தனை பேர் நிறுத்தினார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்பது பொதுச் சுகாதாரம். அவர் கணக்கில் 'குணமாவது' என்றால் என்ன, வேலைக்குத் திரும்புவதா? மாத்திரை அட்டையை மாமியார் கண்ணில் படாமல் எங்கே வைத்தார்? ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் வீட்டில் யார் கைக்குப் போகிறது? இப்படிக் கேட்பது மானுடவியல். உங்கள் வார்டில் பார்த்த ஒரே ஒரு விஷயத்திலிருந்து இப்படியொரு கேள்வியை எழுப்பி, அதை முதல் பத்தியிலேயே வையுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் பெயர், ஊர், தேதி எதுவும் வேண்டாம்.

அடுத்து, அந்தக் கேள்வியை உங்களுக்கு முன் யார் எப்படி அணுகினார்கள் என்று காட்ட வேண்டும். நோயாளி தன் நோயைத் தானே விளக்கிக்கொள்ளும் விதத்தை ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தார். நோய்க்குப் பின்னால் இருக்கும் வறுமையையும் அதிகாரத்தையும் பால் ஃபார்மர் ஹெய்ட்டியிலிருந்து எழுதினார். சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டுப் பிரசவங்களைக் களஆய்வு செய்தார். பெயர்களை அடுக்கினால் மட்டும் பயனில்லை. ஒருவரை முழுதாகப் படித்து, எந்த இடத்தில் உங்கள் அனுபவம் அவரோடு முரண்படுகிறது என்று எழுதுங்கள். அந்த ஒரு பத்தி பத்துப் பெயர்களைவிட வலுவானது.

கேள்வி: நேராக அமெரிக்காவில் பி.எச்டி.க்குப் போகலாமா?
- அதே வாசகர்

பதில்: போகலாம், முதுகலை கட்டாயமில்லாத இடங்கள் பல. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான்பிரான்சிஸ்கோ வளாகங்கள் கூட்டாக நடத்தும் திட்டம் இத்துறையில் பேர்பெற்றது. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உங்கள் கேள்விக்கு நெருக்கமான பேராசிரியருக்கு ஆறேழு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல விண்ணப்பமும் வீண்.

மருத்துவர்கள் தடுமாறுவது, விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரியில். ஆறு பேர் சேர்ந்து எழுதிய மருத்துவ இதழ்க் கட்டுரையை அனுப்பினால், அதில் உங்கள் சிந்தனை எது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் தனியாக, வாதம் வைத்து எழுதிய 15, 20 பக்கக் கட்டுரை வேண்டும். இல்லையென்றால் இதற்காகவே புதிதாக எழுதுங்கள், மூன்று மாதமாவது ஆகும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. துறைத்தலைவர் என்பதற்காக உங்களைத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். "ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர்" என்ற கடிதம் உதவாது. உங்கள் எழுத்தைப் படித்த சமுதாய மருத்துவப் பேராசிரியர் ஒருவராவது இருக்கட்டும். அறிக்கையின் நகலை அவருக்கு முன்பே கொடுங்கள்.

கேள்வி: பணத்துக்கு என்ன வழி?
- செவிலியர், தேனி

பதில்: அமெரிக்க பி.எச்டி.யில் படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்பதோடு மாத உதவித்தொகையும் சேர்ந்தே வருவது வழக்கம். பிரிட்டன் முதுகலைக்கு அப்படியில்லை. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு முயலுங்கள்: பட்டத்துக்குப் பிறகு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், வாரம் 40 மணி என்றால் 70 வாரம், அது உங்களிடம் இருக்கும். பல்கலைக்கழக இடம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். செவனிங் ஆகஸ்டில் திறந்து இலையுதிர்காலத்திலேயே மூடிவிடும், இடத்துக்கான கடிதத்தை அடுத்த கோடையில் காட்டினால் போதும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தப் பணத்தில் போவதானால், விசாவுக்குக் காட்டும் தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம்.