தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறேன்: ஃபோன் போதுமா, கேமரா வாங்கலாமா?

தைப்பூசத்தை ஒட்டி ஒரு வாரம் பினாங்கும் கோலாலம்பூரும் சுற்றப் போவதாகவும், நல்ல ஃபோன் இருக்கும்போது தனியாகக் கேமரா தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். தைப்பூசம் மட்டும் இல்லையென்றால், "வாங்காதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் ஃபோனுக்கு ஏற்ற ஊர். பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் (கடை முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) நின்று பாருங்கள்: உள்ளே இருட்டு, இரண்டடி தள்ளிக் கண்ணைக் கூசும் வெயில். ஃபோன் நொடிக்குள் பல படங்கள் எடுத்து, இருட்டையும் வெயிலையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். கேமராவில் அதே காட்சியை எடுத்தால் அப்புறம் கணினியில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். பூக்கட்டும் அக்காவிடம் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்தால் அவர் கை ஓயாது. பெரிய லென்ஸை நீட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கோலாலம்பூரில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தை முழுசாக அடக்கவும் ஃபோனின் அகல லென்ஸ் போதும்.

ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலை வேறு கதை. பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் உடைக்கத் தொடங்குவார்கள். தெருவிளக்கும் அரைகுறை விடியலும்தான் வெளிச்சம். ஃபோனின் இரவு முறை பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. நகராத கோபுரத்துக்கு அது சரி, ஓங்கிய கைக்குச் சரிவராது. என் ஃபோன் படங்களில் கை புகை மாதிரி இருக்கும், தேங்காய் இருக்கவே இருக்காது. கேமராவில் எஃப் 1.8 (லென்ஸை அகலத் திறப்பது), ஐஎஸ்ஓ 3200 (ஒளியுணர்வைக் கூட்டுவது), நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் என்று வைத்து எடுத்தபோது, சில்லு தெறிப்பதும் தேங்காய்த் தண்ணீர் விசிறியாக விரிவதும் துளித்துளியாகப் பதிந்தன.

காரணம் சென்சாரின், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் பகுதியின், அளவு. விலை உயர்ந்த ஃபோன்களிலும் முதன்மை சென்சார் பெரும்பாலும் 10 மி.மீ. அகலம்தான். ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார் உள்ள கேமராவில் 23.5க்கு 15.6 மி.மீ.; பரப்பில் ஏறக்குறைய 5 மடங்கு. தூரத்துக் காவடியை ஜூம் செய்து எடுக்கும்போது இன்னும் மோசம். வெளிச்சம் குறைந்தால் பல ஃபோன்கள் தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும்.

அதனால், பணம் இடம் கொடுத்தால் பழைய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாமல், லென்ஸை மாற்றக்கூடியது) ஒன்றும், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். புதிது வேண்டாம். வருவதற்கு முன் ஒரு மாதமாவது உங்கள் ஊர்ச் சந்தையில் மாலை நேரத்தில் எடுத்துப் பழகுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் ஃபோனோடு வாருங்கள். பழகாத கேமரா கூட்டத்தில் கைகொடுக்காது. எதில் எடுத்தாலும் காவடி எடுப்பவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அவர் விரதமிருந்து வந்திருக்கிறார்.

இன்னொன்று, எங்கள் ஊர் ஈரம். ரதத்தைப் படமெடுக்கப் போன முதல் வருஷம் சித்தப்பாவின் கேமராவை ஏர்கோன் (ஏசி) அறையில் வைத்துவிட்டு, விடியற்காலையில் அப்படியே தெருவுக்கு எடுத்து வந்தேன். லென்ஸ் முழுக்க வெள்ளையாகப் பனித்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் பனித்தது. ரதம் என் முன்னால் நின்று, அர்ச்சனை முடிந்து, நகர்ந்தே போய்விட்டது. ஒரு படம்கூட இல்லை. இப்போதெல்லாம் கேமராவைப் பைக்குள் மூடியே வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கிறேன். நீங்களும் ரதத்துக்கு முன்கூட்டியே வந்து நில்லுங்கள். ஊர் திரும்பியதும் லென்ஸைத் துணி அலமாரியில் போட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்ய ஆகும் செலவில் இன்னொரு பழைய லென்ஸே வாங்கிவிடலாம்.