பனிக்காலத்தில் மாடு: கேட்டவையும் பதில்களும்

பனி கொட்டும் இடங்களில் மாடு வைத்திருப்பவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள் என்று இரண்டு தரப்பும் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஊசி, மருந்து அளவு பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அதை மாட்டைத் தொட்டுப் பார்க்கிற கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஐயா, ராத்திரியில் மைனஸ் 15 வரை இறங்குகிறது. மாடுகள் வெளியில்தான் நிற்கின்றன. தாங்குமா?

பதில்: உடம்பு காய்ந்திருந்து, வயிறு நிறைந்திருந்து, காற்று படாமல் இருந்தால் தாங்கும். பகல் பொழுது குறையக் குறைய மாட்டுக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்து வளரும். அந்த ரோமம் உலர்ந்திருக்கும் வரை, சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உடம்புச் சூட்டைக் காப்பாற்ற மாடு தனியாக எதையும் செலவழிக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் கூடுதல் சத்து வேண்டும். உங்கள் மைனஸ் 15-க்கு 14 சதவீதம். காற்று வீசுகிற இடம் என்றால் காற்றையும் சேர்த்து உணரப்படும் குளிரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ரோமம் நனைந்துவிட்டால் அந்த எல்லை மைனஸ் 8-ல் நிற்காது, பிளஸ் 15-க்கு ஏறிவிடும். அதாவது 2 டிகிரியில் மழையில் நனைந்து நிற்கிற மாட்டுக்கு, மைனஸ் 15-ல் உலர்ந்து நிற்கிற மாட்டைவிடக் கஷ்டம் அதிகம். 2013 அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பல்லாயிரம் மாடுகள் செத்தது இப்படித்தான். குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை, மாடுகள் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன, முதலில் மழை கொட்டியது, பின்னாலேயே பலத்த காற்றோடு பனி. அதே இடத்தில் ஜனவரியில் இதைவிடக் கடுங்குளிர் அடிக்கும். அப்போது இப்படிக் கொத்தாகச் சாவதில்லை. ஆகவே வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். பனிக்கு முன்னால் மழை உண்டா என்று பாருங்கள்.

இன்னொன்று: முதுகில் பனி உருகாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

கேள்வி: கொட்டகையை நான்கு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடலாமா?

பதில்: கூடாது. மூச்சுக் காற்றிலும் மூத்திரத்திலும் சாணத்திலும் இருந்து வருகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கூரையில் நீர்த்துளியாகக் கோத்து மாட்டின் மேலேயே சொட்டும். மேலே சொன்ன நனைதல் கொட்டகைக்குள்ளேயே நடந்துவிடும். கூடவே அமோனியா. நுரையீரல் காய்ச்சலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கன்று படுக்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் கொட்டகை சரியில்லை. கூரை உச்சியில் காற்று போக இடைவெளி விடுங்கள், காற்று அடிக்கிற பக்கத்தை மட்டும் மறையுங்கள், தரையில் வைக்கோலைத் தாராளமாகப் பரப்புங்கள்.

கேள்வி: வெளியில் காற்றுத் தடுப்பு கட்டுகிறேன். சிமென்ட் சுவர் நல்லதா, பலகை வேலியா?

பதில்: பலகை வேலி. இடைவெளி விட்டு அடியுங்கள், மொத்தப் பரப்பில் 20 முதல் 25 சதவீதம் திறந்திருக்கட்டும். முழுச் சுவரைக் காற்று ஏறிக் குதித்து மறுபக்கம் சுழலும், பனியையும் மாடு நிற்கிற இடத்திலேயே கொட்டும். இடைவெளியுள்ள வேலி உயரத்தைப் போல 8 முதல் 10 மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். இரண்டரை மீட்டர் வேலிக்கு 20, 25 மீட்டர்.

கேள்வி: குளிர் கூடும்போது அடர்தீவனத்தைக் கூட்டலாமா அண்ணே?

பதில்: முதலில் காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். மாட்டின் முதல் வயிறு ஒரு அடுப்பு, நார்த்தீனிதான் அதற்கு விறகு. நார் நொதிக்கும்போது வருகிற சூடு பல மணி நேரத்துக்கு நீடிக்கும். அதனால் பெரிய தீனியைச் சாயங்காலம் போட்டால் ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு உதவும். சினை மாடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு: ராத்திரியில் தீனி தின்கிற மாடுகளில் பகலில் ஈனுவது அதிகம். கனடாவின் மானிடோபாவில் கோனெஃபல் என்ற பண்ணைக்காரர் கவனித்துச் சொன்ன முறை இது, இன்றும் பலர் கடைப்பிடிக்கிறார்கள்.

புல் தரம் குறைவாக இருந்தால் தானியம் சேர்க்கலாம், ஆனால் படிப்படியாக. புயல் வருகிறது என்று ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும்.

கேள்வி: மாடு பனியைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும் என்கிறார்களே. அப்புறம் தொட்டி எதற்கு?

பதில்: கறக்காத, உடம்பு நன்றாக இருக்கிற கறி மாடு சமாளிக்கும். பனி சுத்தமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும், பழக சில நாள் ஆகும். கறவைக்கும், கன்றுக்குப் பால் கொடுக்கிறதுக்கும், மெலிந்ததுக்கும், கன்றுக்கும் ஆகாது. தொட்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. 1 கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல், உருகிய நீரை 39 டிகிரிக்குக் கொண்டுவர இன்னும் 163. நாளுக்கு 30 கிலோ என்றால் 15 மெகாஜூல். இது மாட்டின் சத்தைத் திருடுவது இல்லையா?

பதில்: பெருக்கல் சரி. ஆனால் தொட்டியில் இருக்கிற ஐஸ் தண்ணீரையும் மாடுதானே சூடாக்குகிறது? அந்த 5 மெகாஜூலைக் கழித்தால் மிச்சம் 10. வளர்ந்த மாடு ஒன்று நாளுக்கு 50 மெகாஜூலுக்கு மேல் வெப்பத்தை எப்படியும் வெளியே விடுகிறது. அப்படிப் போகிற வெப்பத்தில் ஒரு பங்கு பனியை உருக்குகிறது, அவ்வளவுதான். மாடு ஒரேயடியாக 30 கிலோவை விழுங்குவதும் இல்லை. கொஞ்சம் புல், கொஞ்சம் பனி என்று நாள் முழுக்கப் பிரித்துத் தின்கிறது. ஆல்பர்ட்டாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், பழகிய மாடுகள் தாக்குப்பிடித்தன.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் தொட்டியே கிடையாது. மாடு செத்தா போய்விட்டது?

பதில்: எத்தனை கன்று நோஞ்சானாகப் பிறந்தது, எத்தனை மாடு வசந்தத்தில் சினை பிடிக்கவில்லை என்று தாத்தா எழுதி வைத்திருந்தால் கொண்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: கணக்குப் போட்டவன் மறுபடியும் வருகிறேன். மைனஸ் 25-லும் அது வீணாகப் போகிற வெப்பம்தானா?

பதில்: இல்லை. இங்கே நியாயம் உங்கள் பக்கம்தான். மைனஸ் 8-க்கு மேலே மாட்டுக்கு உபரி வெப்பம் உண்டு, அதில் பனியை உருக்கிக்கொள்ளலாம். அதற்குக் கீழே உபரியே கிடையாது, உருக்குகிற ஒவ்வொரு மெகாஜூலும் தீனியிலிருந்து வர வேண்டும். எந்தக் குளிரில் என்று சொல்லாமல் “பனி போதும்”, “போதாது” என்று இரண்டு தரப்பும் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பனியின் மேல்பகுதி உருகி மறுபடி உறைந்து ஓடு கட்டிவிட்டால் மாட்டால் தின்ன முடியாது. தண்ணீர் குறைந்தால் தீனி எடுப்பதும் குறையும், வயிற்று அடுப்பு அணையும். சாணத்தைப் பாருங்கள். வறண்டு கெட்டியாக விழுந்தால் தண்ணீர் போதவில்லை. இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: கொட்டகையைத் தார்ப்பாயால் மூடலாமா?

பதில்: பிளாஸ்டிக்குக்குச் சொன்னதே தார்ப்பாய்க்கும்.

கேள்வி: கடுங்குளிரில் பிறந்த கன்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: கன்று நனைந்தபடிதான் பிறக்கிறது, அதனால் முதல் வேலை துடைத்து உலர்த்துவது. தாய் நக்கினால் நல்லது, நீங்களும் உலர்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள். பெரிய மாட்டுக்கு மைனஸ் 8 என்றால் பிறந்த கன்றுக்குப் பிளஸ் 10-லேயே குளிர ஆரம்பித்துவிடும்.

அடுத்தது சீம்பால். முதல் 2 மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும், அளவு உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நேரம் போகப் போக நோய் எதிர்ப்புச் சத்தை உறிஞ்சும் திறன் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து சப்பும் வேகமும் இல்லாவிட்டால் ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 38.5-க்கு மேல் இருக்க வேண்டும். 35-க்குக் கீழே போயிருந்தால் 38 முதல் 40 டிகிரி வெந்நீரில், தலை மூழ்காமல் பிடித்துச் சூடேற்றுங்கள். அப்புறம் முழுக்க உலர்த்தாமல் வெளியே விட்டால் செய்ததெல்லாம் வீண். சப்பத் தெம்பில்லாத கன்றின் வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். குழாய் வழியாகக் கொடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

படுக்கை வைக்கோல் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு எளிய அளவு: கன்று படுத்திருக்கும்போது கால்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

கேள்வி: மாடுகளுக்குச் சாக்கு போர்த்தலாமா?

பதில்: பெரிய மாட்டுக்கு வேண்டாம், ரோமத்தை அமுக்கிவிடும். முதல் சில வாரம் கன்றுக்குப் போடலாம். ஈரமானால் உடனே கழற்றுங்கள். ஈரச் சாக்கோடு நிற்பதைவிட ஒன்றும் இல்லாமல் நிற்பது மேல்.

கேள்வி: ரோமம் நன்றாக இருக்கிறது, மாடு கொழுகொழுவென்று தெரிகிறது. தீனியைக் குறைக்கலாமா?

பதில்: குளிர்கால ரோமம் கண்ணை ஏமாற்றும். விலா எலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கறந்த பிறகு காம்பு வெடிக்கிறது.

பதில்: மறுபடியும் ஈரம்தான். காம்பை மருந்தில் முக்கிய பிறகு அரை நிமிடம் விட்டு, ஒற்றித் துடைத்து, காய்ந்த பின் வெளியே விடுங்கள். காளை வைத்திருப்பவர்கள் விரையையும் பாருங்கள். அங்கே உறைபனி பட்டால் விந்தின் தரம் தேற இரண்டு மாதம் போலப் பிடிக்கும், அதற்கு அப்புறம் பரிசோதித்துவிட்டே சேர்க்கை.

கேள்வி: எந்த இனம் வாங்கலாம்?

பதில்: சைபீரியாவின் யாகூத் மாடு மைனஸ் 50-ஐப் பார்த்தது, ஸ்காட்லாந்தின் ஹைலேண்டுக்கு இரட்டை அடுக்கு ரோமம். ஆனால் நனைந்து பட்டினி கிடந்தால் எந்த இனமும் விழும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பல குளிர்காலம் கண்ட மாட்டை வாங்குங்கள்.

கேள்வி: சைலேஜில், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனத்தில், பூஞ்சை. ஓரத்தை வெட்டிவிட்டுப் போடலாமா?

பதில்: சினை மாட்டுக்குக் கண்டிப்பாக வேண்டாம். கெட்ட சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும். சினை கலையும், சில மாடுகள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். அப்படிச் சுற்றினால் அன்றைக்கே மருத்துவர்.

கேள்வி: மூன்று பக்கம் மட்டும் ஷீட் போட்டால்?

பதில்: கூரை உச்சி திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் போடுங்கள். திறக்காமல் நான்காவது தடவை கேட்காதீர்கள்.

கேள்வி: தொட்டிப் பக்கம் தரை உறைந்து மாடு வழுக்குகிறது. உப்பு தூவலாமா?

பதில்: மாடு நக்கியே தீர்த்துவிடும். மணலோ சாம்பலோ தூவுங்கள். வழுக்கிக் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோன மாட்டை எழுப்புவது பெரும்பாடு. தொட்டி எங்கே கசிகிறது என்று பார்த்து அதையும் இன்றே அடையுங்கள்.