தெருவுக்குள் வேகமாகப் போகிறவர்களைக் கேமராவும் அபராதமும் திருத்துமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சாலையில் 30 கி.மீ. என்று பலகை இருக்கிறது. ஒருவரும் மதிப்பதில்லை. போலீஸ் வந்து நிற்கிற அன்றைக்கு மட்டும் ஒழுங்காகப் போகிறார்கள். கேமரா வைத்து அபராதம் போட்டால் திருந்துவார்களா?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பதே சந்தேகம்தான். காரணம் கொஞ்சம் கீழே வரும்.

இதே புகாரோடு நானும் ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ஆள் சேர்த்தேன். எல்லோரும் கை காட்டியது ஒரே ஆளைத்தான்: சைலன்சர் அலற மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு பையன். மனு எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. எவ்வளவு வேகத்தில் போகிறான் என்று எழுதுவது? ஒருவர் 80 என்றார், இன்னொருவர் 100-க்குக் குறையாது என்று சத்தியம் செய்தார். சரி, சண்டை வேண்டாம், அளந்துவிடுவோம் என்று முடிவானது.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாலையோரமாக டேப் பிடித்து 100 மீட்டர் அளந்து இரண்டு முனைகளிலும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் அடையாளத்தைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 360-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 12 விநாடி என்றால் 30. 7.2 விநாடி என்றால் 50. 6 விநாடி என்றால் 60. அழுத்துவதில் கால் விநாடி தாமதமானாலும் 60-ல் போகும் வண்டிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் தவறும். 50 மீட்டரில் அளந்தால் இந்தப் பிழை இரண்டு மடங்காகிவிடும், அதனால் சோம்பல் படாமல் நூறே அளந்துவிடுங்கள்.

ஸ்டாப்வாட்சை என் மகளிடம் கொடுத்து, ஒரு நோட்டும் கொடுத்து, "ஒரு வண்டி விடாமல் எழுது" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். பள்ளி விடுமுறை, அவளுக்கும் பொழுது போக வேண்டும்.

மாலையில் நோட்டைப் பார்த்தால், சைலன்சர் பையன் 40-ஐ ஒட்டித்தான் போயிருக்கிறான். அதுவும் வரம்பு மீறல்தான், ஆனால் நாங்கள் தீர்ப்பெழுதி வைத்திருந்த 100 எங்கே, இது எங்கே! கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் போகும் கார்கள்தான் 50, 55 என்று வரிசையாக நின்றன. தெருவோரம் நிற்பவர் வேகத்தைக் காதால் அளக்கிறார். சத்தம் போடுகிறவன் மாட்டிக்கொள்கிறான், சத்தம் போடாதவன் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறான்.

இரண்டாம் பக்கத்தில் 6.8 என்று ஒரு பதிவு. பக்கத்தில் வண்டி நிறம், எண். என்னுடைய வண்டி. 6.8 என்றால் ஏறத்தாழ 53. "இது எதுக்கும்மா எழுதினே?" என்று கேட்டேன். "ஒரு வண்டி விடாமல்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை, அன்று மெதுவாகப் போவதாகத்தான் நினைத்தேன். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் 90, 100 என்று வந்துவிட்டுத் தெருவுக்குள் திரும்பினால் 50 என்பது ஊர்வது போலத்தான் இருக்கும். கண் பழைய வேகத்துக்குப் பழகிவிட்டிருக்கும், புது வேகத்தைக் குறைத்தே சொல்லும். வேகமானியைப் பார்க்காமல் இதைத் திருத்த வழியில்லை. அந்த வேகமானியும் பெரும்பாலும் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி (எண் 39) அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது, கூட்டிக் காட்ட மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஆகவே "மீட்டர் தப்பாகக் காட்டிவிட்டது சார்" என்ற சாக்கு பொதுவாக எடுபடாது.

30-க்கும் 50-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று அன்று இரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி, காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 30-ல் வரும் வண்டி ஆபத்தைப் பார்த்த இடத்திலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வரும் வண்டி அதே 13 மீட்டரை எட்டும்போது ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக் மேல் அழுந்தக்கூட இல்லை. முதல் ஒரு விநாடியிலேயே அது கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. பந்தைத் துரத்தி ஓடி வந்த குழந்தை 13 மீட்டரில் நின்றால், ஒரு வண்டி குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும், இன்னொன்று முழு 50-லேயே மோதும். நடுவில் எதுவும் இல்லை.

60-ஐயும் 50-ஐயும் ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. 50-ல் வந்த வண்டி சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வந்தது அதே புள்ளியைக் கடக்கும்போது இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். "பத்துதானே கூட" என்கிற அந்தப் பத்து, நாற்பதாக வந்து இடிக்கிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் இதற்குக் காரணம். ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் விபத்துத் தரவுகளை வைத்துக் கண்டதும் இதன் தொடர்ச்சிதான்: ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும்.

இத்தனை ஆபத்துக்கு என்ன லாபம்? ஒரு கிலோமீட்டர் தெருவை 30-ல் கடக்க இரண்டு நிமிடம். 50-ல் கடந்தால் 72 விநாடி. மிச்சம் 48 விநாடி. அதுவும் வழியில் ஒரு திருப்பம், ஒரு வேகத்தடை, எதிரே ஒரு வண்டி இல்லாமல் இருந்தால்.

இனி உங்கள் கேள்வி. அபராதம் வேலை செய்யும், ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. தொகை பெரிதாக இருந்தால் பயப்படுவார்கள் என்று நினைக்கிறோம். பின்லாந்தில் பெரிய வேக மீறலுக்கு வருமானத்தைப் பொறுத்து அபராதம், அதனால் அங்கே பணக்காரர்கள் கட்டிய தொகை அவ்வப்போது உலகச் செய்தி ஆகிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வேகமாகப் போகிறவர் மனதில் ஓடுவது "எவ்வளவு கட்டணும்?" இல்லை, "மாட்டுவேனா?" என்பதுதான். மாட்டுவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றால் அபராதத்தைப் பத்து மடங்காக்கினாலும் அவர் காதில் விழாது. சின்ன அபராதம், ஆனால் தப்பவே முடியாது என்றால் ஒரே மாதத்தில் பழகிக்கொள்வார்.

இதனால்தான் போலீஸ் நிற்கிற அன்று மட்டும் உங்கள் சாலை சாதுவாக இருக்கிறது. கேமராவும் ஒரே இடத்தில் நின்றால் இதே கதைதான்: ஐம்பது மீட்டர் முன்னால் பிரேக், தாண்டியதும் மறுபடி ஒரே அழுத்து. இந்தத் தந்திரத்தை உடைக்க வந்ததுதான் சராசரி வேகக் கேமரா. இரண்டு முனையில் இரண்டு கேமரா, எண் பலகையைப் படித்து, நடுவில் உள்ள தூரத்தை எடுத்த நேரத்தால் வகுக்கும். என் மகளின் நோட்டு மாதிரிதான், கொஞ்சம் செலவு அதிகம். நடுவே எந்த ஊடுவழியும் இல்லாத நீளச் சாலைக்கு அருமையான ஏற்பாடு. குறுக்குத் தெருக்கள் நிறைந்த குடியிருப்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சட்டம் வண்டியைத் துரத்துவதும் புதிதில்லை. 1896-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்ட் என்பவர் மணிக்கு 2 மைல் வரம்பில் 8 மைலில் போய்த் தண்டனை வாங்கினார். அவரைப் பிடித்த காவலர் துரத்தியது சைக்கிளில். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய ஒரு வகை வேகக் கேமராவை உருவாக்கிய மாரிஸ் காட்சோனிடஸ் ஒரு கார் பந்தய வீரர். வளைவுகளில் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று தன் வேகத்தையே அளக்கச் செய்த கருவி அது. கடைசியில் என்னைப் போன்றவர்களை மெதுவாக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் தெருவுக்குள் கேமராவைவிடச் சாலையின் வடிவத்தைத்தான் நான் நம்புகிறேன். அகலமாக, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சென்று ஒரு சாலையைப் போட்டுவிட்டு ஓரத்தில் 30 என்று எழுதி வைத்தால், ஓட்டுகிறவரின் கால் அந்தப் பலகையின் பேச்சைக் கேட்காது. அதே சாலையைக் கொஞ்சம் குறுக்கி, நடுவில் ஒரு வளைவு வைத்து, பாதசாரிகள் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு உயர்த்திக் கட்டினால் பலகையே தேவைப்படாது. சில இடங்களில் இதற்கு நேர் எதிராக, நூறு வண்டியில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றனவோ அதையே வரம்பாக வைக்கும் வழக்கம் இருக்கிறது. எல்லோரும் வேகமாகப் போனால் வரம்பே உயர்ந்துவிடும். தேர்வில் காப்பியடித்தவர்களைக் கேட்டு வினாத்தாள் தயாரிப்பது மாதிரி.

வேகத்தடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1953-ல் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காக இதை முறையாகக் கணக்குப் போட்டு வடிவமைத்தவர் ஆர்தர் காம்ப்டன், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அளவாக, சரிவாகக் கட்டி, வெள்ளை பெயின்ட் அடித்து, முன்கூட்டியே பலகை வைத்த வேகத்தடை நல்ல காரியம் செய்யும். இரவோடு இரவாக யாரோ சிமெண்ட் கொட்டி எழுப்பும் செங்குத்து மேடு ஆளைக் கொல்லும். இருட்டில் இரண்டு சக்கர வண்டியில் வருபவருக்கு அது தெரியவே தெரியாது, ஆம்புலன்சில் படுத்திருக்கும் முதுகெலும்பு முறிந்தவருக்கு நன்றாகத் தெரியும். கோபத்தில் நீங்களாக எதையும் கட்டிவிடாதீர்கள். ஒன்றே ஒன்று கட்டியும் பயனில்லை. இரண்டு தடைகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டால் அந்த இடைவெளியில் விட்டதைப் பிடிப்பார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர மற்ற எல்லாவற்றையும் 30 ஆக்கியது. பல வருடங்களாக வேகத்தைக் குறைத்து, தெருக்களையும் மாற்றிக்கொண்டு வந்த ஹெல்சிங்கியில் 2019-ல் சாலையில் நடந்து போன ஒருவர்கூட வண்டி மோதி இறக்கவில்லை. எதிர்ப்பும் வரும். வேல்ஸில் 2023-ல் குடியிருப்புப் பகுதிகளின் வரம்பு பொதுவாக 20 மைல் ஆனபோது அதற்கு எதிரான மனுவில் நான்கரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. உங்கள் தெருவிலும் ஒருவர் எழுந்து "இது என்ன மாட்டுவண்டிப் பாதையா?" என்று கேட்பார். அவரோடு வாதாட வேண்டாம், நோட்டைக் காட்டுங்கள்.

நான் செய்ததையே நீங்களும் செய்யலாம். ஒரு வாரம், வெவ்வேறு நேரங்களில், முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து அளந்து எழுதுங்கள். வண்டி எண்களைக் குறிக்க வேண்டாம், வேகம் போதும். யார் என்பதல்ல பிரச்சினை. (எங்கள் முதல் நோட்டில் குறித்து வைத்ததால்தான் எனக்கு இந்த மானக்கேடு.) அந்தத் தாளோடு போனால் உள்ளாட்சி அலுவலகத்திலும் போலீசிலும் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எங்கள் மனு இரண்டு முறை காணாமல் போனது, மூன்றாவது முறை வேகப் பட்டியலை இணைத்த பிறகுதான் ஒருவர் வந்து தெருவைப் பார்த்தார். முதலில் வேகத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று வைத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக வேலை செய்தது, அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது. பள்ளி அருகே உயர்த்திக் கட்டிய கடப்பிடம் வந்த பிறகுதான் நிஜமாகவே வேகம் இறங்கியது.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் கேட்டபடி கண்காணிப்பு வந்தால் முதலில் மாட்டப்போவது வெளியாள் இல்லை. தெருவுக்குள் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி அங்கேயே குடியிருப்பவர்களுடையது. எங்கள் தெருவில் போலீஸ் ரேடாரோடு நின்ற முதல் நாளில் மனுவில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் அபராதம் கட்டினார்கள். அதில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மகள் இப்போதும் தோன்றும்போது ஸ்டாப்வாட்சோடு வாசலில் நிற்பாள். போன வாரம் எனக்கு விழுந்தது 11.4 விநாடி, அதாவது 31.6. அந்த 1.6-ஐக் கை தாமதக் கணக்கில் கழித்துவிடலாம் என்பது என் வாதம். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.