பேர்ல் கௌராமி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தொட்டியில் இருக்கும் பேர்ல் கௌராமி மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிறது. ஏர் பம்ப் ஓடும்போதும் இப்படித்தான். தண்ணீர் கெட்டுவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள், அதன் இயல்பே அதுதான். சுமத்ரா, போர்னியோ, மலேசியா பகுதிகளின் தாழ்நிலச் சதுப்புகள் அதன் பூர்வீகம். ஓட்டமில்லாத அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்ற மடிப்புகள் நிறைந்த உறுப்பு உண்டு. அது காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே மிதக்கும் செடிகளால் நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடாதீர்கள். தொட்டிக்கு மூடி வேண்டும். மூடிக்கும் நீருக்கும் நடுவே சில விரல் அளவு இடைவெளியும் வேண்டும். அங்கே தங்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றைத்தான் மீன் சுவாசிக்கிறது.

மேலேயே நின்றுகொண்டு செவுள் வேகமாக அடித்தால் மட்டும் கவலைப்படுங்கள். உடனே மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் அளவைப் பரிசோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் கால் பங்கை மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கலாமா?

பதில்: கூடாது. 12 செ.மீ. வரை வளரும் மீன் இது. 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி, 24 முதல் 28 டிகிரி வெப்பம், அடர்ந்த செடிகள், மெதுவான நீரோட்டம் வேண்டும்.

கேள்வி: ஆண், பெண் எப்படித் தெரியும்?

பதில்: வளர்ந்த ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும், முதுகுத் துடுப்பு நீண்டு கூர்மையாக இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு இல்லை, துடுப்பும் குட்டை. சிறு குஞ்சுகளில் கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: டைகர் பார்ப் மீனுடன் சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கௌராமியின் வயிற்றுத் துடுப்புகள் நூல் போல நீண்டவை. அவற்றால்தான் எதையும் தொட்டு அறிகிறது. பார்புகள் அவற்றைக் கடித்துக் குதறிவிடும். ரஸ்போரா, கோரிடோராஸ் போன்ற சாதுவான சிறு மீன்கள் நல்ல துணை.

கேள்வி: நீர்ப்பரப்பில் நுரை கட்டியிருக்கிறது. முட்டையிடுமா?

பதில்: ஆண் கட்டிய நுரைக்கூடு அது, வாழ்த்துகள்! ஃபில்டர் ஓட்டத்தைக் குறையுங்கள், அலை அடித்தால் கூடு கலைந்துவிடும். கூட்டுக்குக் கீழே ஆண் பெண்ணை வளைத்து அணைக்கும்போது முட்டைகள் வெளியாகும். எண்ணெய்ச் சத்து இருப்பதால் அவை தாமாகவே மேலே மிதக்கும். சிதறியவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி.

முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுங்கள், ஆண் அதை விரட்டும். ஓரிரு நாளில் முட்டை பொரியும். அடுத்த சில நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் மிகச் சிறியவை. முதலில் இன்ஃப்யூசோரியா என்ற நுண்ணுயிர்கள், சற்று வளர்ந்தபின் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறால் குஞ்சுகள் கொடுங்கள். லாபிரிந்த் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.